நிதானத்துக்குக் கைவேலை: தொடங்குகிறவர்களுக்கு ஓர் அறிமுகம்

"கண்ணை மூடிப் பத்து நிமிஷம் உட்காருங்க, மூச்சை மட்டும் கவனிங்க" என்று சொன்னதும் பலருக்கு மூச்சைத் தவிர மற்ற எல்லாம் ஞாபகத்துக்கு வரும். கேஸ் புக் பண்ண வேண்டும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், காலையில் மேனேஜர் சொன்ன அந்த ஒரு வார்த்தை. இரண்டு மூன்று நாள் முயன்றுவிட்டு, "நமக்கு இந்தத் தியானமெல்லாம் ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சும்மா உட்கார முடியாதவர்கள் கையில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு உட்காரலாம். பூ கட்டலாம், பழைய துணியில் ஊசி ஓட்டலாம், ஒயர் கூடை பின்னலாம், குரோஷா போடலாம், பனையோலை முடையலாம். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சங்கதி ஒன்றுதான். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தொடங்குவது, எங்கே கெட்டுப்போகும் என்று பார்ப்போம்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று ஊரெல்லாம் பேசப்படுவதன் மருத்துவ வடிவம் 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியது. ஜான் கபாட்-ஸின் என்பவர், தீராத வலியோடு அலைந்த நோயாளிகளுக்காக பௌத்தத் தியானத்திலிருந்தும் யோகாவிலிருந்தும் எடுத்து 8 வாரப் பயிற்சி ஒன்றை அமைத்தார். அதன் சாரம் எளிது: இந்த நேரத்தில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனித்துக்கொண்டிருப்பது; மனசு வேறெங்காவது போனால், திட்டாமல் திரும்பக் கூட்டிவருவது. கூட்டிவந்து உட்கார வைக்க ஓர் இடம் வேண்டுமில்லையா? உட்கார்ந்து செய்யும் தியானத்தில் பெரும்பாலும் அந்த இடம் மூச்சு. கைவேலையில் அது விரல்நுனி.

தொடங்குகிறவர்களுக்கு விரல்நுனி மூச்சை விடச் சுலபமான இடம் என்பது என் எண்ணம். நீங்கள் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். மனசு எப்போது நழுவியது என்பதே தெரியாமல் கால் மணி நேரம் போய்விடும். பூச்சரம் அப்படி இல்லை. கவனம் நழுவினால் முடிச்சு நழுவும், மொக்கு மடியில் விழும். யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும், உடனே திரும்பிவிடலாம்.

பூ கட்டுவதையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மதியம் வாங்கும் மல்லிகை மொக்காக இருக்கும், சாயங்காலம் விரியும். இடையில் இருக்கும் சில மணி நேரம்தான் கட்டுவதற்கு. நூலின் ஒரு முனையை இடது கை விரல்களுக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மொக்கை, தலை இடப்பக்கம் பார்க்க வைத்து, அவற்றின் காம்பின் மேல் இன்னும் இரண்டைத் தலை வலப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். நூல் காம்புகளை ஒரு சுற்றுச் சுற்றி வரும். பிறகு வலது கை விரலில் நூலை ஒரு முறுக்கு முறுக்கி, வளையமாக்கி, காம்புகளின் மேல் மாட்டி இழுக்க வேண்டும். இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகம் இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். தளர்ச்சியாக விட்டால் தலையில் வைத்த அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாக உதிரும். நாரில் கட்டுகிறவர்கள் நாரை ஈரமாகவே வைத்துக்கொள்வார்கள், காய்ந்த நார் மடிந்து வராது. சரியான இழுப்பு எவ்வளவு என்று வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. நாலைந்து முழம் கெட்ட பிறகு விரலே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கற்றுக்கொள்ளும்போது மனசுக்குள் நடப்பதையும் கவனியுங்கள். முதலில் கவனம் முழுக்க விரலுக்கே போய்விடும். எந்தப் பக்கம் தலை, எந்த விரலில் வளையம் என்று யோசித்து யோசித்துச் செய்வோம். அலுவலகம், கடன், சண்டை எதற்கும் உள்ளே இடம் இருக்காது. இது ஓய்வு இல்லை, ஒரு வகைப் பிடிவாதம்தான். ஆனாலும் மனசு ஓரிடத்தில் நின்றுவிட்டது. கொஞ்ச நாள் போனதும் விரலுக்குப் பழகிவிடும். அப்போது மனசில் பாதி விடுபடும். எண்ணங்கள் வரும், போகும். பிடித்து இழுத்துக்கொண்டு போகாது. மேனேஜர் சொன்ன வார்த்தை வரும். அதற்குள் அடுத்த நாலு மொக்கை எடுக்க வேண்டியிருக்கும். அந்த வார்த்தை நின்று பேச நேரமில்லாமல் போய்விடும்.

இந்த இரண்டு கட்டங்களைப் பற்றியும் ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த இதய நோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், உடம்பு பதற்றத்திலிருந்து இறங்கி வருவதற்கு இரண்டு விஷயங்கள் போதும் என்றார். ஒன்று, ஒரு சொல்லோ ஒலியோ அசைவோ திரும்பத் திரும்ப வருவது. மற்றது, குறுக்கே வரும் எண்ணங்களோடு மல்லுக்கு நிற்காமல் அந்தத் திரும்பல்களுக்கே மீண்டும் மீண்டும் வருவது. ஜபமாலை உருட்டுகிறவர்களுக்கு இது புதிதில்லை. பின்னல், முடைதல், தையல் எல்லாமே திரும்பல்கள்தான்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். ஓவியர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், மலையேறுகிறவர்கள் என்று பலரிடம் பேசி, நேரம் போனதே தெரியாமல் ஒரு வேலையில் மூழ்கும் அனுபவத்துக்கு 'ஃப்ளோ' என்று பெயர் வைத்தார். வேலை நம் திறமைக்கு மிகச் சுலபமாக இருந்தால் அலுப்பு வரும். மிகக் கடினமாக இருந்தால் பதற்றம் வரும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மூழ்கிவிடுவோம் என்பது அவர் கண்டது. தொடங்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. எடுத்த எடுப்பில் ஆரி வேலையில் பிளவுஸ் போடப்போய், நாலாம் நாள் அந்த ஃப்ரேமைப் பரண்மேல் ஏற்றியவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் பொறுமை இல்லை என்று சொல்வது நியாயமில்லை. தேர்ந்தெடுத்த வேலைதான் அந்த நேரத்துக்குப் பெரியது.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், உலகெங்கும் பின்னல் போடுகிற 3,545 பேரிடம் இணையம் வழியே கேள்விகள் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள், பின்னிய பிறகு அமைதியும் மகிழ்ச்சியும் கூடுவதாகச் சொன்னார்கள். 2016-இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடன் ஆய்வாளர்களும் 39 பேரைக் களிமண், காகிதம், வண்ணப் பேனா கொடுத்து 45 நிமிடம் விருப்பப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் அளந்தார்கள். நாம் பதறும்போது உடம்பில் கூடுகிற ஹார்மோன் அது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற வித்தியாசம் அதில் பெரிதாகத் தெரியவில்லை.

இந்த ஆய்வுகளை இருக்கிற அளவுக்கு மட்டுமே நம்ப வேண்டும். முதல் ஆய்வில் பதில் சொன்னவர்கள் எல்லோருமே ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள். இரண்டாவது சிறிய ஆய்வு. கைவேலை செய்யாமல் சும்மா 45 நிமிடம் உட்கார்ந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. கைவேலை நோயைக் குணமாக்கும் என்று இவற்றை வைத்து யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அமைதி தரும் என்பதை மறுக்கவும் காரணமில்லை.

மருத்துவத்துக்கும் இது புதிய யோசனை இல்லை. முதல் உலகப் போரில் உடலும் மனமும் சிதைந்து திரும்பிய வீரர்களுக்கு மருத்துவமனைகளில் கூடை பின்னவும் பூத்தையல் போடவும் கற்றுக்கொடுத்தார்கள். 1917-இல் அமெரிக்காவில், வேலைகளைச் செய்யவைத்தே நோயாளிகளைத் தேற்றும் ஆக்குபேஷனல் தெரபிக்கான முதல் சங்கம் உருவானபோது, அதை நிறுவியவர்களில் ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு கைவினை ஆசிரியரும் இருந்தார்கள். நம் நாட்டில் காந்தி ராட்டையை முதலில் ஏழைகளின் வருமானத்துக்கும் சுயராஜ்யத்துக்குமாகவே எடுத்தார். ஆனால் அது மன அலைச்சலை அடக்கும் என்றும் சொல்லிவந்தார். புனேயின் எரவாடா சிறையிலும் நூற்றார். பெட்டிக்குள் மடங்கும் சிறிய ராட்டைக்கு 'எரவாடா சர்க்கா' என்றே பெயர் நின்றுவிட்டது.

எதில் தொடங்குவது?

கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது ஓட்டுத் தையல். பள்ளியில் தையல் வகுப்பு இருந்தவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஊசி மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, அவ்வளவுதான். வங்காளத்துப் பெண்கள் நைந்த புடவைகளை அடுக்கி, பழைய புடவைக் கரையிலிருந்தே நூல் உருவி, பெரும்பாலும் இந்தத் தையலை வைத்துத்தான் கந்தா போர்வைகள் செய்தார்கள். ஜப்பானில் ஏழை உழவர்கள் நீலத் துணியை அடுக்கடுக்காகச் சேர்த்துக் குளிருக்குத் தைத்த சாஷிகோவும் இதே தையல்தான். இத்தனை எளிய ஒன்றிலிருந்து இவ்வளவு தூரம் போக முடியும் என்பதே எனக்கு இதன் மேல் பிரியம் வரக் காரணம்.

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன ஒரு வேட்டியையோ நூல் புடவையையோ எடுத்து, கைக்குட்டை அளவுக்கு இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சுற்றிலும் பெரிய பெரிய தையலாகப் போட்டு இரண்டையும் இணைத்துவிடுங்கள், நகராமல் இருக்கும். ஸ்கேலை வைத்துப் பென்சிலால் ஒரு விரல் இடைவெளியில் கோடுகள் போடுங்கள். எம்ப்ராய்டரி நூல் கண்டில் 6 இழை இருக்கும். இரண்டு இழையை மட்டும் பிரித்து எடுங்கள். விரல்நுனியிலிருந்து முழங்கை வரை நீளம் போதும். அடிக்கடி ஊசி கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுத்தால் நூல் சிக்கும், அந்தச் சிக்கை எடுப்பதற்குள் நிதானம் எல்லாம் போய்விடும். தைக்கத் தைக்க நூலில் முறுக்கு ஏறும். அப்போது துணியைத் தூக்கி ஊசியைக் கீழே தொங்கவிடுங்கள். அது தானாகவே கிறுகிறுவென்று சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும்.

முதல் கோட்டை ஒவ்வொரு தையலாக ஊசியை வெளியே இழுத்துப் போடுங்கள். துணிக்கு அடியில் ஊசி எங்கே வரும் என்று இடது கை விரல் தடவிப் பார்ப்பதை உணருங்கள். நூல் முழுதும் துணிக்குள் ஓடி வரும்போது ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். ஃபேன் சத்தத்தை மீறி அது காதில் விழுந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இரண்டாம் மூன்றாம் கோட்டில், ஒரே ஊசியில் மூன்று நான்கு தையலைக் கோத்துக்கொண்டு இழுக்கலாம். கொஞ்ச நேரத்தில் கை ஒரு தாளம் பிடிக்கும்.

முடித்துவிட்டுத் துணியைத் தள்ளி வைத்துப் பாருங்கள். சில இடத்தில் தையல் அரிசி மாதிரி ஒரே அளவாக இருக்கும். சில இடத்தில் திடீரென்று நீண்டிருக்கும், கோட்டை விட்டு விலகியிருக்கும். அங்கே மனசு வெளியே போயிருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டாம். தையல் இறுகிப்போய்த் துணி சுருங்கினால் மட்டும் பிரியுங்கள்; மற்றபடி அது அன்றைய தினத்தின் கணக்கு, இருந்துவிட்டுப் போகட்டும்.

தினம் 20 நிமிடம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதில் தவறில்லை, கற்றுக்கொண்டதும் மூடிவிட்டுத் தொடங்குங்கள். முழுசாக முடியும்வரை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாமல் இருந்தால் ரொம்ப நல்லது. போட்ட நிமிடத்திலிருந்து மனசு யார் பார்த்தார்கள் என்பதில் போய் உட்கார்ந்துவிடும். சீரியல் பார்த்துக்கொண்டே பூ கட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அது சுகமான பொழுதுதான், ஆனால் நாம் பேசுகிற விஷயம் வேறு. ஆரம்பத்திலாவது டிவி இல்லாமல் செய்து பாருங்கள். மனிதர்களோடு பேசிக்கொண்டே செய்வதைப் பற்றி எனக்கு எந்தத் தடையும் இல்லை. கையில் வேலை இருக்கும்போது பேச்சும் நிதானமாகவே வரும். நடுவில் மௌனம் வந்தாலும் யாருக்கும் சங்கடம் இருக்காது. வயசுப் பிள்ளைகளிடம் எதிரே உட்கார வைத்துக் கேட்டால் வராத பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கூடையைப் பின்னும்போது தானாக வரும்.

எங்கே கெட்டுப்போகிறது

முதல் கேடு கடையில் தொடங்குகிறது. ஆசைப்பட்டு 50 நிற நூல், ஹூப், ஸ்டாண்ட், ஊசிப் பெட்டி என்று ஒரே நாளில் வாங்கிக் குவிப்பது. ஓர் ஊசி, ஒரு நூல் கண்டு, பழைய வேட்டி. முதல் மாதத்துக்கு இது போதும்.

அடுத்தது இலக்கு வைப்பது. 'இந்த வாரத்துக்குள் முடிக்கணும்' என்று நினைத்த கணமே தையல் வேகம் எடுக்கும், தோள் இறுகும். இலக்கு வைக்காமல் இருக்கவே முடியாதவர்களுக்குப் பூவும் கோலமும் நல்லது. இன்று கட்டிய மல்லி நாளைக் காலையில் வாடிவிடும். வாசலில் போட்ட சிக்குக் கோலம் மதியத்துக்குள் காலடிகளில் கலைந்துவிடும். சேர்த்து வைக்க ஒன்றும் மிஞ்சாதபோது, எவ்வளவு செய்தோம் என்று எண்ணும் பழக்கமும் மெல்ல விட்டுப்போகும்.

மூன்றாவதுதான் பெரியது. நீங்கள் ஏதோ ஒன்றைக் கொஞ்சம் அழகாகச் செய்துவிட்டால், பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது "நல்லா இருக்கே, இதை விற்கலாமே!" அன்பில் சொல்வதுதான். வருமானம் தேவைப்படுகிறவர்கள் விற்கத்தான் வேண்டும், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நிதானத்துக்காகத் தொடங்கியவர்கள் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்: முதல் ஆர்டரை வாங்கிய நாளிலிருந்து வேகம் உங்களுடையது அல்ல. தேதி, நிறம், விலை, பேரம் எல்லாம் உள்ளே வந்துவிடும். விற்பதற்கு ஒரு வேலையும் தனக்கென்று ஒரு வேலையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறவர்கள் இதில் தப்பிக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. சந்தையில் கிலோக் கணக்கில் பூ வாங்கி, முழக் கணக்கில் கூலிக்குக் கட்டுகிற பெண்களும் அதே முடிச்சைத்தான் போடுகிறார்கள். பீடி சுற்றுகிறவர்களின் விரலும் இதே தாளத்தில்தான் ஓடுகிறது. பத்தமடையில் மெல்லிய கோரையைக் கிழித்துப் பாய் நெய்கிறவர்களைப் பார்த்து 'எவ்வளவு அமைதியான வேலை' என்று நாம் வியக்கலாம். அவர்களுக்கு முதுகு வலிக்கிறது, கூலி போதவில்லை. அசைவு ஒன்றாக இருந்தாலும், வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் ஓய்வும் உழைப்பும் பிரிகின்றன. நம்மை நிதானப்படுத்துவதில் பாதி அந்த நூலின் குணம் என்றால், மீதிப் பாதி அந்த 20 நிமிடத்தை யாரும் நம்மிடம் கணக்குக் கேட்கவில்லை என்பது. அதனால்தான், நாள் முழுக்க அடுப்படியில் நின்ற பெண்ணிடம் போய் "மனசு சரியில்லையா, ஏதாவது கைவேலை செய்" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அவருக்கு வேண்டியது பாத்திரம் கழுவ இன்னொரு ஆள். அந்த நேரம் கிடைத்த பிறகு ஊசி எடுப்பதா தூங்குவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

ஆண்களுக்கும் இதில் இடம் உண்டு. கடற்கரைக் கிராமங்களில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகச் சரிசெய்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். மார்க்கெட்டில் ஆளுயர மாலை கட்டுகிறவர்களிலும் ஆண்கள் ஏராளம். கூச்சம் வேண்டியதில்லை. ஊசி பிடிக்காது என்றால் மரம் செதுக்கலாம், கயிறு திரிக்கலாம், களிமண் பிசையலாம்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கழுத்தைக் குனிந்தபடியே மணிக்கணக்கில் உட்காராதீர்கள். துணியைக் கண்ணுக்கு அருகில் உயர்த்துங்கள், மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் துணியை வைத்தாலே போதும். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். கட்டைவிரலோ மணிக்கட்டோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மனசு விஷயத்தில், தூக்கமில்லாமலும் எதிலும் பிடிப்பில்லாமலும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஊசியும் நூலும் அதற்கு மருந்து அல்ல. மருத்துவரைப் பாருங்கள், அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

யாரிடம் கற்றுக்கொள்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. சென்னைக்கு அருகில் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகலாம், அங்கே கைவினைஞர்கள் வேலை செய்வதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க முடியும். ஒயர் கூடைக்குப் பெரும்பாலும் உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார். அத்தையோ பெரியம்மாவோ மாடிவீட்டு அக்காவோ, கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். பூ கட்ட, தெருமுனைப் பூக்காரம்மாவிடமே போங்கள். சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன், மதியம் அவர் மொக்கைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில். "அக்கா, எனக்கு இதைச் சொல்லித் தர முடியுமா?" என்று கேட்டு, அவர் நேரத்துக்கு உரிய காசைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் தடுமாறிக் கட்டிய சரத்தை அவர் கூடையில் வைக்க மாட்டார், அதையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.